‘ரேடியோ ரெக்கார்டு’ என்றால் எந்த ரேடியோ?

கேள்வி: பழைய பள்ளி ஒலிபரப்பு, மொழிப்பாட இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். மதுரையில் ஒரு வியாபாரி 40 தட்டுகளை ‘ரேடியோ ரெக்கார்டு’ என்று சொல்லி, கட்டாக 20,000 ரூபாய் கேட்கிறார். சிலவற்றில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கழுவித் தருகிறேன் என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? – திருமங்கலம் வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள். கழுவவும் விடாதீர்கள்.

கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் கட்டுகிறவர்களையும் நம் பக்கம் ‘ரேடியோ செட்’ என்றுதான் சொல்கிறோம். அவர்களிடம் ஓடித் தேய்ந்த தட்டும் வியாபாரி வாயில் ‘ரேடியோ ரெக்கார்டு’ ஆகிவிடும். சினிமாக் கதை வசனத் தட்டுகளைப் பேச்சுத் தட்டு என்று சொல்லிக் கட்டுக்குள் செருகுவதும் நடக்கிறது. ஆகவே லேபிளை ஒவ்வொன்றாக வாசியுங்கள். பிறகு தட்டை வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி ஓடும் பள்ளங்கள் கருமை போய்ச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கனத்த ஊசி அரைத்துவிட்டது என்று பொருள். அதனால் வரும் இரைச்சல் எதனாலும் போகாது. எண்ணெய் தடவி மினுக்கியும் விற்கிறார்கள். வெள்ளைத் துணியால் ஓரத்தை ஒருமுறை துடைத்தால் குட்டு வெளிப்படும்.

லிங்குவாஃபோன் போன்ற மொழிப்பாடத் தட்டுகள் இருந்தால் முழு வரிசையும் கூடவே பாடப்புத்தகமும் இருக்கிறதா என்று கேளுங்கள். புத்தகமில்லாத பாதி வரிசைக்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. 16 அங்குலத் தட்டு வந்தால் அது வானொலி நிலையங்களுக்கென்று செய்தது. வீட்டு டர்ன்டேபிளில் உட்காராது.

இனி அந்த வெள்ளைப் படிவு. சாதாரண வினைல், அதாவது பிளாஸ்டிக் தட்டு என்றால் பூஞ்சையாக இருக்கலாம், கழுவலாம். ஆனால் நடுத்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். அலுமினியம் தெரிகிறதா? துளைக்குப் பக்கத்தில் இன்னும் சில சிறு துளைகள் உண்டா? லேபிளில் கையெழுத்தோ தட்டச்சோ இருக்கிறதா? அப்படியானால் அது அச்சடித்த தட்டு அல்ல. உலோகத்தின் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு பூசி, வானொலி நிலையத்திலேயே நேரடியாகப் பள்ளம் வெட்டிய லாக்கர் தட்டு. பூச்சில் கலந்த எண்ணெய் சிதைந்து மேலே கசிவதுதான் அந்த வெள்ளை, பிசுபிசுப்பான பொடி. எண்ணெய் வற்ற வற்றப் பூச்சு சுருங்கும், அடியில் அலுமினியம் சுருங்காது, அதனால் வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் செதில் செதிலாக உரியும். ஸ்பிரிட் பட்டால் பூச்சே கரையும். பெரும்பாலும் அதற்கு இன்னொரு பிரதி கிடையாது. அந்தத் தட்டைக் கழுவவும் வேண்டாம், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். லாக்கர் தட்டைக் கையாண்டு பழகிய ஒலிப்பதிவாளரிடம் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

எந்தப் பள்ளியிலிருந்து, எந்த ஆண்டு என்ற குறிப்பு ஒன்றும் இல்லாமல் பள்ளிகளில் இத்தகைய தட்டுகளை உடைந்த பெஞ்சோடு சேர்த்து எடைக்குப் போடுகிறார்கள். கழிவுப் பட்டியலில் ‘பழைய பிளேட்டு’ என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. ஒரு தாளில் லேபிளைப் பார்த்து எழுதி வைக்க அரைநாள் போதும். அதைச் செய்ய ஆளில்லை. இடைத்தரகர் கொழுப்பது இந்த அலட்சியத்தில்தான்.

வினைலைக் கழுவ போர் தண்ணீர் கூடாது. உப்பு பள்ளத்திலேயே காய்ந்து படபடக்கும். 1 லிட்டர் பேட்டரி தண்ணீரில் வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் 2, 3 சொட்டு. லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் பேட்டரி தண்ணீரில் அலசி நிழலில் நிறுத்துங்கள். தகரக் கூரைப் பரணில் வைத்தால் சித்திரை வெயிலுக்கு வளைந்துவிடும். பெட்டி மாடல் பிளேயர்களில் ஊசி 5 கிராம் வரை அழுத்தும். 2 கிராமுக்கு அமைக்கக்கூடிய கருவியில் மட்டும் ஓட்டுங்கள்.

வியாபாரியிடம் கட்டு விலை பேசாதீர்கள். 40-ஐயும் பிரித்து வைக்கச் சொல்லி, லேபிளையும் தட்டின் நிலையையும் பார்த்துத் தட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பிரிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.