பயாப்ஸி ரிப்போர்ட்டை விடுங்கள், கால் ஏன் கனக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 66. புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருக்கிறது. மூன்று வாரம் முன்பு லூப்ரோலைடு ஊசி போட்டார்கள். கூடவே தந்த பைகாலுடமைடு மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததால் நான்காம் நாளே நிறுத்திவிட்டேன். பயாப்ஸி திசுவில் செய்த கூடுதல் ஆய்வில் ‘பெப்சினோஜன் சி பாசிட்டிவ், ஆண்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. பெப்சின் வயிற்றில் சுரப்பதுதானே? புற்றுநோய் வயிற்றுக்கும் போய்விட்டதா? அஜீரணத்துக்கு நான் சாப்பிடும் என்சைம் மாத்திரைதான் காரணமா? திடீர் திடீரென்று உடம்பு சூடாகி வியர்க்கிறது. முதுகுவலி கூடிவிட்டது, வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன். நான்கைந்து நாளாக மாடி ஏறினால் கால் கனக்கிறது.

பதில்: இன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். முதுகெலும்பில் புற்றுநோய் உள்ளவருக்கு வலி கூடி, காலும் கனத்தால், தண்டுவடம் நசுங்குகிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். அங்கே போனதும் “முதுகெலும்பில் புற்றுநோய் இருக்கிறது, கால் பலவீனமாகிறது” என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதுகுவலி என்று மட்டும் சொன்னால் தசைப்பிடிப்பு என்று நினைத்துவிடக்கூடும்.

முழு முதுகெலும்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சந்தேகம் உறுதியானால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, அப்புறம் கதிர்வீச்சு அல்லது அறுவை சிகிச்சை. இதில் நாள் அல்ல, மணிக்கணக்கே முக்கியம். நடக்கும் நிலையில் சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முற்றிலும் செயலிழந்த பிறகு வந்தால் பலருக்கு நடை திரும்புவதில்லை. படுத்தால் வலி கூடுவது, இருமினாலும் தும்மினாலும் சுரீர் என்று இழுப்பது, நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் இறுக்குவது, தொடையிடுக்கில் மரத்துப்போவது எல்லாம் இதே எச்சரிக்கைதான். சிறுநீர் நின்றுபோனால் ‘புராஸ்டேட்தானே அடைக்கிறது’ என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். தண்டுவடம் நசுங்கினாலும் அப்படித்தான் நிற்கும்.

மாத்திரையை நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். லூப்ரோலைடு, டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை (ஆண்ட்ரோஜனை) குறைக்கும் ஊசி. ஆனால் போட்டதும் முதல் ஓரிரு வாரம் அது குறையாது, ஏறும். மூன்று நான்கு வாரத்தில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த ஏற்றத்தில் எலும்பில் உள்ள கட்டி வீங்கி வலியைக் கூட்டக்கூடும் என்பதால்தான், செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியை மறிக்கும் பைகாலுடமைடைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அது சிலருக்கு ஈரலைப் பாதிப்பது உண்மை. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஒரு பக்கவிளைவைப் பாதியாகப் படித்துவிட்டு, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மருந்தை நிறுத்துவது எனக்குக் கோபத்தையும் வேதனையையும் தருகிறது. இப்போது நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

சரி, பெப்சினோஜனுக்கு வருவோம். வயிற்றுக்கு எதுவும் பரவியதாக இந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. பெப்சினோஜன் சி வயிற்றில் மட்டும் உருவாவதில்லை. நோயே இல்லாத புராஸ்டேட்டும் அதைச் சுரக்கிறது, விந்துத் திரவத்தில் அது இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் நீங்கள் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதமும் ஒரு என்சைம்தான். உணவின் புரதத்தைச் செரிக்கும் கைமோட்ரிப்சினுக்கு அது உறவு. உறைந்த விந்தை இளக்குவது அதன் வேலை. பி.எஸ்.ஏ.வைச் சுரக்க வைப்பது ஆண்ட்ரோஜன் ஏற்பி. பெப்சினோஜன் சி சுரப்பதையும் ஆண்ட்ரோஜன் தூண்டும் என்று மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் கண்டிருக்கிறார்கள். அதனால் இந்த இரண்டு ‘பாசிட்டிவ்’களும் ஒரே திசுவில் இருப்பதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. பெப்சினோஜனை வைத்து உங்கள் சிகிச்சையில் எதையும் மாற்றப்போவதும் இல்லை.

விழுங்கும் என்சைம் மாத்திரை வெறும் புரதம். குடலிலேயே சிதைந்துவிடும், புராஸ்டேட்டுக்குப் போகாது. ஆனால் அஜீரணமே அந்த வலி மாத்திரையால் வந்ததாக இருக்கலாம். மலம் கறுத்துப் போனால் வயிற்றில் ரத்தம் கசிவதாக இருக்கலாம், சொல்லுங்கள். உடம்பு சூடாவது ஊசியின் விளைவு, ஆபத்தில்லை. தாங்க முடியாவிட்டால் மருந்து உண்டு.

ஊசி பலிக்குமா என்பதுதான் உங்கள் உள்பயம் என்று நினைக்கிறேன். ஆண்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்பது கெட்ட செய்தி அல்ல. மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் ஏற்பி இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் ஆரம்பத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது இருப்பதால், வழக்கமாகப் பரிசோதிப்பதுகூட இல்லை. டெஸ்டோஸ்டீரோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-லேயே காட்டினார். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஊசி செய்வதும் அதைத்தான்.

காலப்போக்கில் ஏற்பிகள் பெருகியோ உருமாறியோ, மிகக் குறைந்த ஹார்மோனிலும் வேலை செய்யப் பழகிவிடும். டெஸ்டோஸ்டீரோன் அடிமட்டத்தில் இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறினால் அதற்கான அடையாளம். அபிராடெரோன், என்சாலுடமைடு போன்றவை அந்தக் கட்டத்துக்காக வந்த மருந்துகள். இப்போது பரவிய நோயில் இவற்றை முதலிலிருந்தே ஊசியோடு சேர்த்துத் தருகிறார்கள். கால் பிரச்சினையைப் பார்த்து முடித்ததும், உங்களுக்கும் அப்படிச் சேர்க்கலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.