தைப்பொங்கலுக்கும் போயாவுக்கும் கடை பூட்டினால் என் வருட லீவில் கழிக்கலாமா?

கேள்வி கேட்டவர் திருகோணமலையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். பொங்கலுக்கும் இரண்டு போயாவுக்கும் (பௌர்ணமி விடுமுறை நாள்) கடை பூட்டியிருந்ததை லீவுப் புத்தகத்தில் வருட லீவாகப் போட்டு, 14 நாளை 11 ஆக்கியிருக்கிறார்களாம். கழிக்கக் கூடாது. அந்த மூன்று நாளும் உங்களுக்குத் திரும்ப வரவேண்டும்.

நீங்கள் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். தொழிற்சாலையிலோ, சம்பளச் சபை உள்ள வேறு தொழிலிலோ இருப்பவர்களுக்கு வருட லீவு முந்திய வருடம் வேலை செய்த நாட்களை வைத்துக் கணக்கிடப்படும். அவர்கள் கீழே உள்ள எண்களைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

கடை ஊழியருக்கு நான்கு கணக்கு உண்டு, ஒன்றை மற்றதில் கலக்க முடியாது. வருட லீவு 14, கெசுவல் லீவு 7, சம்பளத்தோடு வர்த்தக விடுமுறை 8, அதற்குமேல் பௌர்ணமிப் போயா நாட்கள். அந்த எட்டும் எவை என்றால் தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு அடுத்த நாள், மீலாத் நபி, நத்தார்.

லீவில் நிற்கும்போது இடையில் விடுமுறை வந்தாலும் இதே முறைதான். 2026இல் ஏப்ரல் 13 திங்கள், 14 செவ்வாய். 13 முதல் 17 வெள்ளி வரை ஊருக்குப் போக எழுதிக் கொடுத்தால் புத்தகத்தில் விழவேண்டியது 15, 16, 17 என்ற மூன்று நாள் மட்டுமே. பெரும்பாலான தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. கணக்குப் பிள்ளை தொடங்கிய திகதியையும் முடிந்த திகதியையும் பார்த்து ஐந்து என்று போட்டுவிடுவார், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 14இல் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஒவ்வொன்றாகத்தான் தருவோம் என்பது சட்டம் இல்லை.

அந்த எட்டு நாளில் ஒன்றில் வேலைக்குக் கூப்பிட்டால் அந்த வருடம் டிசம்பர் 31க்குள் சம்பளத்தோடு வேறொரு நாள் தரவேண்டும், இல்லையென்றால் இரட்டைச் சம்பளம். நாள் சம்பளம் 1,200 ரூபா என்றால் 2,400. போயாவுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 1,800. போயாவில் வேலை வாங்கிவிட்டுச் சும்மா ஒரு தேநீரும் வடையும் கொடுத்து அனுப்புவது சம்பளம் ஆகாது.

புதிதாகச் சேர்ந்தவர் என்றால் முதல் நாட்காட்டி வருடத்தில் வருட லீவு இல்லை, முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு கெசுவல் மட்டும். இரண்டாம் வருடத்தில் கிடைப்பது சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் வரை 10, ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7, அதற்குப் பிறகு சேர்ந்தவருக்கு 4. ஆகவே புத்தகத்தில் 14 இல்லாமல் 10 இருந்தால் உடனே பாயாமல், சேர்ந்த திகதியை முதலில் பாருங்கள்.

இப்போது கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இது நெடுநாள் மனக்குறை. தீபாவளி, மகா சிவராத்திரி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பெரிய வெள்ளி எல்லாம் நாட்காட்டியில் சிவப்பில்தான் இருக்கும். ஆனால் அவை பொது விடுமுறை, வங்கி விடுமுறை. வர்த்தக விடுமுறை இல்லை. கச்சேரியில் வேலை செய்பவர் வீட்டில் இருப்பார், அதே வீதியில் துணிக்கடையில் நிற்கும் பிள்ளை தன் கெசுவலைக் கொடுத்துத்தான் தீபாவளி கொண்டாட வேண்டும். சிவராத்திரிக்குக் கோணேஸ்வரத்தில் இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு விடியக் கடை திறக்க வருகிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் இவ்வளவு பேர் கடைகளில் நிற்கும் ஊரில் இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சில முதலாளிமார் சம்பளத்தோடு விடுகிறார்கள், அது அவர்களின் நல்ல மனம். நீங்களே கேட்டு எடுத்த தீபாவளி நாளைக் கெசுவலில் கழித்திருந்தால், அதைப் புகாரில் சேர்க்காதீர்கள், மற்ற மூன்று நாளின் வழக்கும் பலவீனமாகிவிடும்.

செய்யவேண்டியது: லீவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். நியமனக் கடிதத்தைத் தேடுங்கள். கடிதமே தரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், தரவேண்டியது முதலாளியின் கடமை. சேர்ந்த திகதிக்கு ஊழியர் சேமலாப நிதிக் கூற்றும் உதவலாம். பிறகு எந்தத் திகதி, என்ன விடுமுறை, எப்படிக் கழித்தார்கள் என்று மூன்று வரியில் எழுதி முதலாளியிடமே முதலில் கொடுங்கள், ஒரு பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே சரியாகிவிடும், ஏனென்றால் நிறையக் கடைகளில் இது கணக்கு எழுதுபவரின் பழக்கப் பிழை. திருத்தாவிட்டால் அந்தப் பிரதியோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.