ஆய்வேடு: பக்கம் எத்தனை, பேப்பர் எத்தனை?

அறிவியல் முனைவர் பட்ட ஆய்வேடு பற்றி வந்த கேள்விகளில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று பேப்பர்கள் வெளிவந்துவிட்டன. அவற்றைச் சேர்த்து ஆய்வேடாகத் தரலாம் என்று எங்கள் துறை விதியே சொல்கிறது. ஆனால் கைடு இன்னும் எழுதச் சொல்கிறார். இருநூறு பக்கமாவது வேண்டும் என்கிறார்கள் சீனியர்கள். என்ன செய்வது?

பக்கக் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். இதற்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்த பல்கலைக்கழகங்கள் உண்டு. தடிமனைப் பார்த்துப் பட்டம் கொடுத்த தேர்வாளரை நான் கண்டதில்லை.

ஆனால் கைடு சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜர்னலில் இடம் குறைவு. செய்முறையை நாலு வரியில் சுருக்கி, 'முன்பு விவரித்தபடி' என்று எழுதித் தப்பித்துவிடலாம். ஆய்வேட்டில் அந்த நெருக்கடி இல்லை. எந்த வெப்பநிலை, எத்தனை நிமிடம், எந்த மாதிரியை ஏன் ஒதுக்கினீர்கள், எல்லாவற்றையும் எழுத இடம் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு அதே லேபில் சேரும் மாணவர் உங்கள் பேப்பரைவிட ஆய்வேட்டைத்தான் அதிகம் புரட்டுவார்.

உயிர்வேதியியல் ஆய்வேடுகளைத் திருத்த எடுத்தால் நான் முதலில் பார்ப்பது படங்களுக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தை. 'எண்ணிக்கை = 3' என்று இருக்கும். எந்த மூன்று? வெவ்வேறு நாட்களில் புதிதாக வளர்த்த மூன்று செல் வளர்ப்புகளா, ஒரே குடுவையிலிருந்து எடுத்த மூன்று அளவீடுகளா? ஒரே குடுவை என்றால் உங்கள் பிப்பெட் (திரவம் அளக்கும் குழாய்) எவ்வளவு சீராக அளக்கிறது என்பதுதான் தெரியும். செல்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சராசரிக்கு மேலும் கீழும் பிழைக்கோடு போட்டிருப்பார்கள். அது திட்ட விலக்கமா (அளவீடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன), திட்டப் பிழையா (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும்) என்று எழுதியிருக்க மாட்டார்கள். மூன்று அளவீடுகள் என்றால் திட்டப் பிழையின் கோடு திட்ட விலக்கத்தின் கோட்டைவிடக் கிட்டத்தட்ட பாதி நீளம்தான் வரும். அதே டேட்டா, ஆனால் பார்ப்பவருக்கு இருமடங்கு உறுதியாகத் தெரியும். ஒவ்வொரு படத்தின் கீழும் இதை எழுதிவிடுங்கள். பேப்பரில் விட்டுப்போயிருந்தாலும் ஆய்வேட்டில் விடாதீர்கள்.

அப்புறம், மூன்று பேப்பர்களுக்கும் பொதுவான முன்னுரை ஒன்றும் முடிவுரை ஒன்றும் வேண்டும். முதல் பேப்பரில் எடுத்துக்கொண்ட ஓர் அனுமானத்தை மூன்றாவது பேப்பர் அசைத்துவிடுவது சகஜம். அதைப் பற்றி நீங்களே பேசுவதற்கான இடம் முடிவுரை. கூட்டாக எழுதிய பேப்பர் என்றால், எந்தச் சோதனை உங்களுடையது, எது மற்றவருடையது என்று அத்தியாயத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். வெளியான படங்களைத் திரும்ப அச்சிடப் பதிப்பகத்தின் அனுமதி தேவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு வருடம் தேடிய விளைவு கிடைக்கவே இல்லை. 'இல்லை' என்ற முடிவை வைத்து முனைவர் பட்டம் கிடைக்குமா?

கிடைக்கும். ஒரே நிபந்தனை: அந்த விளைவு இருந்திருந்தால் உங்கள் சோதனை அதைக் கண்டுபிடித்திருக்கும் என்று காட்ட வேண்டும். விளைவு இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை வைத்து, கருவி வேலை செய்ததை நிரூபியுங்கள். எவ்வளவு சிறிய விளைவு வரை உங்களால் பிடிக்க முடியும் என்று எண்ணில் சொல்லுங்கள். அந்த எண் இருந்தால் 'இல்லை' என்பதும் கண்டுபிடிப்புதான். இல்லாவிட்டால், தேடியது போதவில்லை என்றுதான் தேர்வாளர் எழுதுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கேள்வி: என் முடிவு இத்துறையில் எல்லோரும் நம்புவதற்கு மாறாக இருக்கிறது. கைடு அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார்.

வானியலாளர் சிசிலியா பெயின் 1925-ல் கொடுத்த ஆய்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வெப்பநிலையில் எவ்வளவு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று சொல்லும் மேகநாத் சாஹாவின் அயனியாக்கச் சமன்பாட்டை நட்சத்திர நிறமாலைகளில் பொருத்தி, நட்சத்திரங்களில் ஹைட்ரஜன்தான் மிக மிக அதிகம் என்று அவர் கணக்கிட்டார். பூமியில் உள்ள அதே கலவைதான் சூரியனிலும் என்று நம்பிய காலம் அது. அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் பெயினின் முடிவை ஏற்கவில்லை. ஆய்வேட்டில் பெயின், அந்த அளவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று எழுத வேண்டியிருந்தது. ஆனால் எண்களை அட்டவணையிலிருந்து அவர் நீக்கவில்லை. 1929-ல் ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

ஆகவே விளக்கத்தில் விட்டுக்கொடுக்கலாம். 'இது முன்னைய ஆய்வுகளுடன் முரண்படுகிறது, காரணம் இன்னும் தெளிவாகவில்லை' என்று எழுதுங்கள். அளந்த எண்ணை மட்டும் நீக்காதீர்கள். கைடு ஏன் தயங்குகிறார் என்றும் கேளுங்கள். மாதிரி கலப்படமாகியிருக்கும் என்ற சந்தேகமா, கருவியின் அளவுத்திருத்தத்தில் குறையா? அதைச் சோதித்துப் பார்த்து, அந்தச் சோதனையையும் அத்தியாயத்தில் சேருங்கள். அனுபவமுள்ளவரின் சந்தேகம் பல நேரம் சரியாகவே இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு ஒரு சமன்பாட்டில் தவறு கண்டுபிடித்தேன். தூக்கமே இல்லை.

ஐன்ஸ்டைனின் ஆய்வேட்டிலும் கணக்குப் பிழை இருந்தது. துகள்கள் கலந்த திரவத்தின் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) எவ்வளவு கூடும் என்ற அவரது சூத்திரத்தில் குணகம் 1 என்று வந்திருந்தது. சோதனை அளவுகள் அதோடு பொருந்தாததைப் பார்த்து, இயற்பியலாளர் லுட்விக் ஹோப்ஃபிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். ஹோப்ஃப் பிழையைக் கண்டுபிடித்தார். குணகம் 2.5 என்று திருத்தம் 1911-ல் வெளியானது. 1905-ல் எழுதிய ஆய்வேடு அது. பட்டம் அப்படியேதான் இருந்தது.

உங்களுக்கு இன்னும் வைவாவே (வாய்மொழித் தேர்வு) நடக்கவில்லை. எந்தப் பக்கம், எந்தச் சமன்பாடு, சரியான வடிவம் என்ன, அதனால் எந்த முடிவு மாறுகிறது, எது மாறவில்லை என்று ஒரே தாளில் எழுதி நாளைக்கே கைடிடம் கொடுங்கள். தேர்வாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பலாமா என்பதை அவர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார். அனுப்ப வழியில்லை என்றால் அந்தத் தாளின் பிரதிகளை வைவாவுக்கு எடுத்துப் போய், அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் கொடுத்துவிடுங்கள்.