டர்பன்ல விடியக்காலைல வந்து இறங்குறவங்களுக்கு: எக்ஸ்ட்ரா காசு இல்லாம சீக்கிரம் செக்-இன், கேள்வி பதில்

ஈஸ்டர் நெருங்க நெருங்க எல்லாரும் இதையே கேக்குறீங்க, காலையிலயே வந்து சேர்ந்துட்டா தனியா காசு கட்டாம ரூம் வாங்க முடியுமான்னு. நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் பீச்ஃபிரண்ட்ல ஓட்டல் ரிசப்ஷன்ல நிக்கிறவன், அதுக்கு முன்னாடி ஹவுஸ்கீப்பிங்லயும் வேலை பார்த்திருக்கேன். வந்த கேள்விக்கெல்லாம் வரிசையா பதில் போடுறேன்.

வெருலம்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, அது ஏன் எங்க போனாலும் செக்-இன் 2 மணி, 3 மணின்னே சொல்றாங்க? ரூம் காலியாத்தான கெடக்கு, குடுத்தா என்ன?

தம்பி, காலியா கெடக்குற ரூம் வேற, ரெடியான ரூம் வேற. முந்தின நாள் தங்கினவங்க 10 மணி, 11 மணிக்குத்தான் கெளம்புவாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க, அதுக்கப்புறம்தான் க்ளீனிங் அக்காங்க உள்ள போக முடியும். ஒரு ரூமுக்கு அரை மணி நேரம் ஆகும், எங்க பீச் பக்கத்துல இன்னும் கூடவே ஆகும், ஏன்னா கடல்ல குளிச்சிட்டு வந்து ஷவர்ல நிப்பாங்க, மணல் பூரா தண்ணி போற ஓட்டைல அடைச்சிக்கும், அத நோண்டி எடுத்து, தரைய ரெண்டு தடவை கழுவி, பெட்ஷீட் மாத்தி, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்து, கெட்டில்ல பழைய தண்ணிய கொட்டி, இப்படி போகும். முடிஞ்சதும் சூப்பர்வைசர் வந்து பார்த்து ஓகே போடணும். எங்க கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ரூமுக்கும் அழுக்கு, சுத்தம், பார்த்தாச்சுன்னு மூணு நிலை காட்டும், அந்த மூணாவது வர்ற வரைக்கும் நான் யாருக்கும் சாவி குடுக்க முடியாது.

அதனால ரிசப்ஷன்ல வந்து "சீக்கிரம் குடுப்பீங்களா"ன்னு கேக்காதீங்க. "நேத்து ராத்திரி யாரும் தங்காத ரூம் ஏதாவது எங்க டைப்புல இருக்கா"ன்னு கேளுங்க. அப்படிப்பட்ட ரூம் காலைல 7 மணிக்கே ரெடியாத்தான் இருக்கும், அத சும்மா குடுக்குறதுல ஓட்டலுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நீங்க அப்படி கேட்டா நாங்களும் உடனே அந்த லிஸ்ட்டத்தான் திறந்து பார்ப்போம்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியால இருந்து ஒரு அக்கா: நாங்க வியாழக்கிழமை ராத்திரி கார்ல கெளம்பி குட் ஃப்ரைடே காலைல 6 மணிக்கு டர்பன் வந்துடுவோம். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு போறதுக்கு முன்னாடி குளிக்கணும், அம்மாவும் கூட வர்றாங்க, முட்டி வலி. காசு இல்லாம ரூம் குடுப்பாங்களா?

அக்கா, உள்ளத சொல்றேன், குட் ஃப்ரைடே காலைல அது நடக்கவே நடக்காதுன்னு வச்சிக்கிட்டு பிளான் பண்ணுங்க. வியாழக்கிழமை ராத்திரியே ஜோபர்க்ல (ஜோஹன்னஸ்பர்க்) இருந்து பாதி ஊரு இங்க வந்து இறங்கிடும், காலி ரூம்னு ஒண்ணு இருக்காது. திங்கக்கிழமை ஃபேமிலி டே வரைக்கும் லீவு, அதனால வெள்ளிக்கிழமை காலைல கெளம்புறவங்களும் கொஞ்சம் பேர்தான்.

அம்மாவ வச்சிக்கிட்டு வர்றீங்க, அதனால வியாழக்கிழமை ராத்திரிக்கும் சேர்த்து புக் பண்ணிடுங்க. எக்ஸ்ட்ரா காசு வேணாம்னுதான் கேட்டீங்க, ஆனா ஃபேமிலி ரூம் எடுத்து எல்லாரும் பங்கு போட்டா அது பெரிய தொகையா வராது, கார்லயே மணிக்கணக்கா உக்கார்ந்து வந்தவங்கள லாபில உக்கார வைக்கிறது ரொம்ப கஷ்டம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, புக் பண்ணிட்டு "நாங்க ராத்திரி வரமாட்டோம், விடியக்காலம் 6 மணிக்குத்தான் வருவோம்"னு போன்ல சொல்லி பேர எழுத வைங்க. சொல்லலைன்னா ராத்திரி ஷிஃப்ட்ல இருக்குறவங்க ஆள் வரலைன்னு நோ-ஷோ போட்டு ரூம இன்னொருத்தருக்கு தூக்கி குடுத்துடுவாங்க, வெள்ளிக்கிழமை சண்டை போட்டாலும் ரூம் வராது.

இல்ல, காசு போடவே முடியாதுன்னா, கோயிலுக்கு கிட்ட சொந்தக்காரங்க வீட்டுல குளிச்சிட்டு போயிடுங்க, சாமான்கள மட்டும் ஓட்டல்ல வச்சிட்டு மத்தியானம் வந்து ரூம் வாங்கிக்கோங்க. ராத்திரி பூரா ஓட்டுறவரு யாருன்னு பாருங்க, வழியில வான் ரீனன்ஸ் பாஸ் மலைப்பாதைல பனி மூட்டம் இறங்குனா முன்னாடி போற லாரியே தெரியாது. அதுக்கு முன்னாடி வர்ற ஹாரிஸ்மித் ஊருல நிறுத்தி கொஞ்சம் கண்ண மூடிட்டு வாங்க, பூஜை எங்கயும் போயிடாது.

ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு அண்ணா: ஆப்ல புக் பண்றப்போ "எர்லி செக்-இன் வேணும்"னு டிக் பண்ணேன், அது போதுமா?

போதாது அண்ணா. அது எங்களுக்கு புக்கிங்கோட கடைசில ஒரு குறிப்பா வரும், கூட்டம் இருக்குற நாள்ல யாரும் கீழ வரைக்கும் படிக்க மாட்டாங்க. வர்றதுக்கு முதல் நாள் மத்தியானம் 3 மணில இருந்து 5 மணிக்குள்ள ஓட்டலுக்கே நேரா போன் பண்ணுங்க, அப்பத்தான் மறுநாளுக்கு யார் யாருக்கு எந்த ரூம்னு பிரிச்சு போடுவோம், உங்க பேர அன்னைக்கு ராத்திரி காலியா இருக்குற ரூமுக்கு நேரா போட்டுட முடியும். காலைல 10 மணிக்கு பண்ணாதீங்க, செக்-அவுட் கூட்டம் வரிசைல நிக்கும், நாங்க "முடியாது"ன்னு வேகமா சொல்லிட்டு வைக்கிற நேரம் அது. யார் பேசினாங்கன்னு பேர் கேட்டு வச்சிக்கோங்க.

சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு ஆண்ட்டி: ரிசப்ஷன்ல ஒரு நூறு ரேண்ட் கைல வச்சா வேலை ஆகுமாப்பா?

வேணாம் ஆண்ட்டி. ரூம் ரெடி இல்லைன்னா அந்த நூறு ரேண்டால அது ரெடி ஆகாது, வாங்குன பையனுக்கு வேலை போகும். குடுக்கணும்னு மனசு இருந்தா கெளம்புறப்போ ரூம சுத்தம் பண்ணுற அக்காவுக்கு குடுங்க, முதுகு ஒடியிறது அவங்களுக்குத்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து ஒரு தம்பி: ஹனிமூன்னு சொன்னா குடுப்பாங்கன்னு ஃப்ரெண்ட் சொன்னான். சொல்லலாமா?

நிஜமா ஹனிமூன்னா தாராளமா சொல்லுங்க, சந்தோஷமா செய்வோம். பொய் சொல்லாதீங்க தம்பி. எங்ககிட்ட இருக்குறதே ஒண்ணு ரெண்டு ரூம், அன்னைக்கு காலைல இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு ஒரு வயசானவரு, பால் கொதிக்க வைக்கணும்னு கைக்குழந்தையோட ஒரு அம்மா நிப்பாங்க. அவங்கள பார்த்துட்டுத்தான் யாருக்கு குடுக்குறதுன்னு முடிவு பண்ணுவோம். இப்படி நிஜமான காரணம் இருக்குறவங்க பலபேர் கூச்சப்பட்டு வாயே திறக்க மாட்டாங்க, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். மருந்து இருக்கா, ஆபரேஷன் ஆனவங்க இருக்காங்களா, முதல் நாள் போன்லயே சொல்லிடுங்க.

சென்னைல இருந்து வரப்போற ஒரு அண்ணா: துபாய் வழியா ஜோபர்க்ல காலைல இறங்குறேன், சாண்ட்டன்ல மீட்டிங். அங்க எப்படி?

சாண்ட்டன் கணக்கு டர்பனுக்கு தலைகீழ் அண்ணா. அது ஆபீஸ்காரங்க ஏரியா, திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ராத்திரி நிறைஞ்சிருக்கும், வெள்ளி, சனி ராத்திரி காத்து வாங்கும். அதனால சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை காலைல இறங்குனா சும்மாவே ரூம் கெடைக்க நல்ல சான்ஸ், புதன்கிழமை காலைல கஷ்டம். இங்க பீச்ல வெள்ளி, சனிதான் நெரிசல், ஞாயித்துக்கிழமை ராத்திரி காலியாகும், திங்கக்கிழமை காலைல வர்றவங்களுக்கு நாங்களே கூப்பிட்டு குடுப்போம்.

மெம்பர்ஷிப் இருந்தா நம்பர புக்கிங்ல போடுங்க. இங்க இருக்குற ப்ரோட்டியா ஓட்டல்கள மேரியட் 2014ல வாங்கிடுச்சு, அதனால இந்தியால சேர்த்த பான்வாய் (மேரியட்டோட மெம்பர்ஷிப்) பாயிண்ட் கணக்கு இங்கயும் செல்லும். ஆனா அதுல கார்டு பெருசாக பெருசாக லேட் செக்-அவுட்டுக்குத்தான் வாக்கு குடுப்பாங்க, காலைல ரூம்ங்கிறது இருந்தா குடுப்போம்ங்கிற கதைதான். பாஸ்போர்ட்ட பெட்டி அடில போடாதீங்க, வெளிநாட்டுக்காரங்க விவரம் ரெஜிஸ்டர்ல ஏத்தாம சாவி குடுக்க மாட்டாங்க.

உம்லாங்கால ஃப்ளாட் எடுத்த ஒரு அக்கா: ஏர்பிஎன்பி மாதிரி நாமளே சமைச்சுக்குற செல்ஃப் கேட்டரிங் ஃப்ளாட்ல எப்படி?

அங்க இன்னும் சுலபம், இல்லைன்னா இன்னும் கஷ்டம். ஒரே ஃப்ளாட், ஒரே க்ளீனர். முதல் நாள் ராத்திரி யாரும் இல்லைன்னா ஓனர் 9 மணிக்கே சாவி குடுத்துடுவாரு, ஆள் இருந்தா 2 மணிக்கு முன்னாடி வழியே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி ஒரு மெசேஜ் போட்டு கேட்டுடுங்க.

ஸ்டாங்கர்ல இருந்து ஒரு அங்கிள்: போன தடவை ஒரு இடத்துல 11 மணிக்கு ரூம் குடுத்தாங்க, சந்தோஷமா போனேன், கெளம்புறப்போ பில்லுல பாதி நாள் காசு ஏத்தியிருந்தாங்க. சொல்லவே இல்ல.

அது தப்பு அங்கிள். இந்த நாட்டுல 2008 கன்ஸ்யூமர் புரொடெக்ஷன் ஆக்ட் இருக்கு, காட்டின விலைக்கு மேல வாங்கக்கூடாதுங்கிறது அதுல உள்ளதுதான். சொல்லாம ஏத்துன காச கட்டுறதுக்கு முன்னாடி ட்யூட்டி மேனேஜர கூப்பிட்டு, "யார் எப்ப சொன்னாங்க, நான் எங்க கையெழுத்து போட்டேன்"னு அமைதியா கேளுங்க. பதில் இருக்காது, எடுத்துடுவாங்க. ஆனா செக்-இன் கார்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சின்ன எழுத்த படிச்சிடுங்க, சில இடத்துல காலை 6 மணிக்கு முன்னாடி வந்தா முழு ராத்திரி, அதுக்கப்புறம் பாதின்னு அதுல அச்சடிச்சே இருக்கும். சாவிய கைல வாங்குறப்போ "இதுக்கு சார்ஜ் இல்லைல்ல"ன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சா வாட்ஸாப்புல எழுத்துல.

டொங்காட்ல இருந்து ஒரு தம்பி: எந்தெந்த நாள்ல கேக்கவே கூடாது?

ஈஸ்டர், டிசம்பர் பள்ளிக்கூட லீவு, மே மாசம் ஐசிசி மாநாட்டு மண்டபத்துல ட்ராவல் இண்டாபா டூரிசம் கண்காட்சி, ஜூன்ல காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம், ஜூலை முதல் சனிக்கிழமை டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். காம்ரேட்ஸ் ஓடுறவங்க விடியறதுக்கு முன்னாடியே ரூம விட்டு போயிடுவாங்களே, அந்த ரூம குடுக்கலாமேன்னு நினைப்பீங்க, ஆனா அவங்க சாமானெல்லாம் உள்ளதான் இருக்கும், சாயங்காலம் காலை இழுத்துக்கிட்டு வந்து அதே கட்டில்லதான் விழுவாங்க.

மறுபடியும் லெனேசியா அக்கா: வியாழன் ராத்திரிக்கும் சேர்த்து புக் பண்ணிட்டோம். வேற என்ன கவனிக்கணும்?

ரொம்ப நல்லது அக்கா. அம்மாவுக்கு லிஃப்ட்டு பக்கத்துல ரூம், பாத்டப் வேணாம், நடந்து போற ஷவர் வேணும்னு இப்பவே சொல்லிடுங்க, முட்டி வலில டப்புக்குள்ள கால தூக்கி வைக்க முடியாது. கோயிலுக்கு கட்டுற சேலை, மஞ்சத்துணி, குடம், வேப்பிலை எல்லாத்தையும் தனி பையில போட்டு மேலயே வைங்க. திங்கக்கிழமை கெளம்புறதுன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலமே லேட் செக்-அவுட் கேளுங்க, லீவு முடியறதால திங்க ராத்திரி எங்களுக்கு கூட்டம் குறையும், 12 மணி வரைக்கும் பெரும்பாலும் சும்மாவே விடுவோம்.