ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த இதழில் புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் பற்றிய கேள்விகள் மட்டும்.

கேள்வி: ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு வாங்கி வீட்டிலேயே பொருத்தினேன். ஆன் செய்தால் எல்லா ஃபேனும் சுற்றுகின்றன. மானிட்டரில் ‘நோ சிக்னல்’. போர்டில் ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஆஃப் செய்துவிடுகிறேன். போர்டிலுள்ள பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பார்த்தாயிற்று. ரேமைக் கடையில் கொடுத்து மாற்றச் சொல்லலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ரேமைக் கழற்றாதீர்கள். இப்போதைக்குக் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கிட்டே போகாமல் இருங்கள்.

டிடிஆர்5 ரேம் வைத்த போர்டு முதல்முறை ஆன் ஆகும்போது, ஒவ்வொரு ரேமுக்கும் சிக்னல் எந்த மின்னழுத்தத்தில், எந்த நேர இடைவெளியில் பிழையில்லாமல் போய்வருகிறது என்று சோதித்து, அந்த அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் மெமரி டிரெயினிங். அது முடியும்வரை திரையில் ஒரு புள்ளிகூட வராது, டிராம் விளக்கும் அணையாது. உங்கள் 32 ஜிபிக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். நான்கு ரேம் போட்டவர்களுக்குப் பத்து நிமிடத்தைத் தாண்டுவதும் உண்டு. இடையில் தானாகவே ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆனால் பயப்பட வேண்டாம். நடுவில் ஆஃப் செய்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படியே, குறித்து வைத்ததெல்லாம் அழிந்துபோகும். நீங்கள் செய்த இரண்டு வைத்தியமும் நோயை நீட்டிக்கத்தான் உதவியிருக்கின்றன.

பதினைந்து நிமிடம் கழித்தும் படம் வரவில்லை என்றால் அடுத்த கட்டம். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போடுங்கள். பிராசஸரிலிருந்து எண்ணினால் அது இரண்டாவது. (இரண்டு ரேம் போடும்போது இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடங்கள். ஒன்று, இரண்டு என்று பக்கத்தில் பக்கத்தில் போடுகிறவர்கள் நிறையப் பேர்.) பல போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத பக்கம் பாதி ஏறி நின்றாலும் வெளியே தெரியாது. இரண்டு முனைகளையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். அந்த ரேமில் வரவில்லை என்றால் இன்னொன்றை அதே ஸ்லாட்டில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

ஒன்றில் படம் வந்து மற்றதில் வரவில்லை என்றால் அந்த மற்றதுதான் பழுது, மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் ஏ2-வில் தனித்தனியாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் நின்றுபோனால் சந்தேகம் ரேமை விட்டு பிராசஸர் சாக்கெட்டுக்குப் போக வேண்டும். உங்கள் பிராசஸர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 முனைகள் போர்டிலேயே இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் வழி மொத்தமாகப் போய்விடலாம். பார்ப்பதற்கு முன், கூலர் திருகுகளைத் தளர்த்திக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகிய கூலரே இந்தத் தொல்லையைக் கொடுப்பது உண்டு.

ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் முதல்முறை அது 4800 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடும். அது கோளாறு இல்லை. படம் வந்தபிறகு பயாஸில் (போர்டின் தொடக்க மென்பொருளில்) எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், பெட்டியில் போட்ட வேகம் அப்போதுதான் வரும். மறுபடி ஒரு டிரெயினிங் நடக்கும். பின்னால் இன்னும் இரண்டு ரேம் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஏஎம்5-இல் நான்கு ரேம் போட்டால் வேகம் நன்றாகவே குறைந்துவிடும். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குவதே சரி.

கேள்வி: பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் தெரிந்தவர்.
– வாசகர், கோவில்பட்டி

பதில்: போயிருந்தால் ஃபேன் அசைந்தே இருக்காது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்வதுதான். எங்கோ ஷார்ட் இருப்பதை உணர்ந்து தானே நின்றுவிடுகிறது. அதன்பின் பின்பக்க சுவிட்சை அரை நிமிடம் அணைத்து வைத்தால்தான் மறுபடி உயிர் வரும். இரண்டாவது அழுத்தலில் ஒன்றும் நடக்காததன் காரணம் இதுவே.

ஷார்ட்டைத் தேட முதல் இடம், போர்டுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் பித்தளைக் கால்களான ஸ்டாண்ட்ஆஃப்கள். கேபினெட்டில் ஏடிஎக்ஸ் அளவுக்கு ஒன்பது ஸ்டாண்ட்ஆஃப் மாட்டியிருக்கும். நீங்கள் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வைத்திருந்தால் அதில் துளை இல்லாத இடத்திலும் ஒன்று நின்று, போர்டின் பின்பக்க சால்டரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதைக் கழற்ற வேண்டும். அடுத்து, பிராசஸருக்கு அருகில் இருக்கும் எட்டு முனை பவர். அங்கே நான்கு-நான்காகப் பிரியும் கேபிளைத்தான் மாட்ட வேண்டும். ஆறு-இரண்டாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கானது; அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். சாதாரணமாக ஏறாது. பலம் கொடுத்து ஏற்றினால் ஏறிவிடும், அதுதான் ஆபத்து. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் அதனுடன் வந்த கேபிளைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்க இணைப்பு எந்தக் கம்பெனிக்கும் பொதுவானதல்ல, ஒரே கம்பெனியின் இரு மாடல்களுக்குள்ளேயே மாறும்.

இரண்டும் சரியென்றால் போர்டை வெளியே எடுத்து அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். வெள்ளி நிறப் பையின் மேல் வைக்க வேண்டாம், அந்தப் பையில் மின்சாரம் பாயக்கூடும். பிராசஸர், கூலர், ஒரு ரேம், 24 முனை, 8 முனை பவர் கேபிள்கள், இவ்வளவு போதும். முன்பக்க இணைப்புகள் சேரும் ஒன்பது முனைக் கொத்தில் 6, 8 ஆகிய இரண்டும்தான் பவர் சுவிட்ச். மேனுவலில் சரிபார்த்துக்கொண்டு, அவ்விரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொடுங்கள். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் குற்றவாளி கேபினெட். வெளியேயும் ஓடவில்லை என்றால் அப்போது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள், வாங்கி அல்ல, இரவல் பெற்று.

கேள்வி: 12400எஃப் பிராசஸர். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. போர்டில் உள்ள சோதனை விளக்குகள் எல்லாம் அணைந்துவிடுகின்றன, படம் இல்லை.
– வாசகர், புதுச்சேரி

பதில்: விளக்குகள் அணைந்தால் போர்டு தன் சோதனையை முடித்துவிட்டது என்று பொருள். எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் மாட்டியிருக்கிறீர்கள். ‘எஃப்’ வகைப் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கார்டில் மாட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் மானிட்டரின் இன்புட் மெனு.

கேள்வி: ரைசன் 5 9600எக்ஸ், பி650 போர்டு. சிபியூ விளக்கு சிவப்பாக நிற்கிறது. அரை மணி நேரம் காத்திருந்தும் மாற்றமில்லை. பிராசஸர் பழுதா?
– வாசகர், சேலம்

பதில்: பி650 போர்டுகள் வந்தது 2022-இல், உங்கள் பிராசஸர் வந்தது 2024 ஆகஸ்டில். கடையில் நெடுநாள் கிடந்த போர்டின் பயாஸுக்கு இந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. பயாஸைப் புதுப்பித்தால் போதும்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிராசஸர் ஓடாமலேயே வேலை நடக்கும். 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, உங்கள் போர்டின் பக்கத்திலிருந்து பயாஸ் ஃபைலை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, மேனுவலில் சொன்ன பெயரை அப்படியே வையுங்கள். எம்எஸ்ஐ போர்டுகளில் அது ‘எம்எஸ்ஐ.ராம்’, இங்கே ராம் என்பது ரேம் அல்ல, ஆர்-ஓ-எம். ஃபோல்டருக்குள் போடக் கூடாது. 24 முனையும் 8 முனையும் மாட்டி, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, விளக்கு மினுக்கும்வரை பட்டனை அழுத்துங்கள். மினுக்கல் நிற்கும்வரை, ஐந்து பத்து நிமிடம், தொடாதீர்கள். சில நொடிகளில் மினுக்கல் நின்று விளக்கு அப்படியே எரிந்தால் ஃபைல் பெயரோ ஃபார்மேட்டோ தவறு. கரண்ட் போகும் நேரத்தில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

பட்டன் இல்லாத போர்டு என்றால் கடையிலேயே பழைய 7000 வரிசைப் பிராசஸர் போட்டுப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். விற்றவர் இதற்குத் தனியாகக் காசு கேட்பது நியாயமில்லை.

கேள்வி: பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது. விண்டோஸ் 11 இன்ஸ்டால் செய்யும்போது டிரைவ் பட்டியல் காலியாக இருக்கிறது. இன்டெல் 13-ஆம் தலைமுறை.
– வாசகர், வேலூர்

பதில்: பயாஸில் விஎம்டி என்றொரு அமைப்பு ஆன் ஆகியிருக்கும். அது ஆன் ஆனால் எஸ்எஸ்டியைக் காண விண்டோஸ் இன்ஸ்டாலுக்குத் தனி டிரைவர் வேண்டும். 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல்லில் இது வழக்கம். ஒரே எஸ்எஸ்டி உள்ள வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை, ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டாலைத் தொடங்குங்கள். ஆன் செய்தே வைக்க வேண்டுமானால் இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் பிரித்துப் போட்டு ‘லோட் டிரைவர்’ கொடுக்கலாம். இன்ஸ்டால் முடிந்தபிறகு இந்த அமைப்பை மாற்றாதீர்கள், விண்டோஸ் எழாது.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. பென்டிரைவ் செருகும்போது சில சமயம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை, அல்லது மூன்று முனையை இரண்டு முனையாக்கும் அடாப்டர் நடுவில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு ஆளுக்கொரு சிறிய கெபாசிட்டர் இருக்கும், மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்ப. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவில் மிதக்கும். பாயும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால்தான் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி துளைகள் எரிந்துபோக அது போதும். எர்த் சரியாகும்வரை கேபிள்களை எல்லாம் மெயின் ஆஃப் செய்துவிட்டே மாட்டுங்கள், கழற்றுங்கள்.

மல்ட்டிமீட்டரில் லைனுக்கும் எர்த்துக்கும் 230-க்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டும் காட்ட வேண்டும். அளக்கத் தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் அணைந்துவிடும், நியூட்ரல் ஒயர் என்றைக்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு 230 வோல்ட்டும் நிற்கும்.