நம்ப முடியாமை ஒரு குற்றமா? நான் கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு விலகிய காரணம்

கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு ஏன் விலகினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதுமுன், பலரும் தாமாகவே ஊகித்துக்கொள்ளும் காரணங்களை ஒதுக்கிவிட விரும்புகிறேன். சபையில் எவரும் என்னை அவமதிக்கவில்லை. போதகர் எவரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. வேறொரு மதம் என்னை ஈர்க்கவும் இல்லை. ஞாயிறு பள்ளியில் வசனங்களை மனப்பாடம் செய்து வளர்ந்து, வாலிபர் கூட்டங்களில் ஜெபம் நடத்தி, இரட்சிக்கப்பட்டேன் என்று முழு மனத்தோடு சாட்சி சொன்னவன் நான். அந்தச் சாட்சியில் பொய் இருந்ததாக இன்றும் நினைக்கவில்லை. நம்பிக்கையைக் கட்டளையாகவும், நம்ப முடியாமையைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் வைக்கும் போதனையை நியாயம் என்று என் மனச்சாட்சியால் ஏற்க முடியாமல் போனதே நான் விலகியதற்கு அடிப்படைக் காரணம்.

ஒருவருக்கு உதவு என்று கட்டளையிடலாம்; பகைவரை மன்னிக்கச் சொன்னால், எவ்வளவு கடினமானாலும், அதற்கு முயலலாம். ஆனால் உண்மை என்று மனத்துக்குப் படாத ஒன்றை உண்மை என்று நம்பு என்றால், அதைச் செய்வதற்கான வழி மனிதரிடம் இல்லை. நம்புவதுபோல் நடிக்க மட்டுமே முடியும். அப்படியிருக்க, விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவன் ஆக்கினைக்கு, அதாவது தண்டனைத் தீர்ப்புக்கு, உள்ளாவான் என்று மாற்கு 16:16 சொல்கிறது. சிறுவயதில் என்னை இரவில் விழித்திருக்கச் செய்த வசனம் இது. பின்னாளில்தான், அந்த அதிகாரத்தின் 9 முதல் 20 வரையிலான வசனங்கள் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை என்பதை அறிந்தேன்; அவை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதே பெரும்பாலான வேதாகம அறிஞர்களின் முடிவு. இதை ஒரு வெற்றியாகச் சொல்லவில்லை. யோவான் 3:18-ம் ஏறத்தாழ இதையே சொல்வதால், ஒரு பகுதி விழுந்துவிட்டால் போதனையே விழுந்துவிடாது. ஆயினும், பிள்ளைகளை நடுங்க வைக்கும் ஒரு வசனத்தைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும் கடமை பெரியவர்களுக்கு உண்டு என்று உறுதியாக நினைக்கிறேன்.

என்னை மிக நீண்ட காலம் சிந்திக்க வைத்தவர்கள் தோமாவும் பவுலும். உயிர்த்தெழுதலை மற்ற சீடர்கள் சொல்லக் கேட்டும், காயங்களைப் பார்த்துத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்று சொன்ன தோமாவுக்கு, அவர் கேட்ட சான்று கொடுக்கப்பட்டது. விசுவாசிகளைத் துன்புறுத்தப் புறப்பட்ட பவுலுக்கோ, அவர் கேளாமலே தமஸ்கு வழியில் வானத்து ஒளியும் குரலும் கிடைத்தன. சந்தேகப்பட்டவருக்கும் எதிர்த்தவருக்கும் இவ்வளவு இரக்கம் காட்டிய கடவுள், முழங்காலில் நின்று பல ஆண்டுகள் மன்றாடிய எத்தனையோ பேருக்கு ஏன் மௌனத்தை மட்டும் தருகிறார்? காணாதிருந்தும் நம்புகிறவர்கள் பாக்கியவான்கள் என்ற பதில் எனக்கும் தெரியும். காண முடிந்தவர்களின் கூற்றை நம்ப முடியாதவர்கள் ஏன் நித்திய காலத்துக்கும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதை அந்தப் பதில் விளக்கவில்லை.

சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே இறந்தவர்களின் கதி என்ன என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த விளக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வரலாற்றைப் படித்தபோது திருச்சபையின் விளக்கமும் மாறி வந்திருப்பது தெரிந்தது. 1442-இல், திருச்சபைத் தலைவர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கத்தின்போது வெளியான ஆணை, கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள், மரணத்துக்கு முன் அதில் சேராவிட்டால், நித்திய அக்கினிக்குச் செல்வார்கள் என்றது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்து, நேர்மையான மனத்துடன் கடவுளைத் தேடுபவர்களும் இரட்சிப்பு அடையலாம் என்றது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும், மிக இலேசானதாயினும், ஆக்கினை உண்டு என்று பண்டைத் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் கற்பித்தார். அக்குழந்தைகளின் இரட்சிப்பை நம்பியிருக்கக் காரணம் உண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007-இல் சொன்னது. இந்த மாற்றங்களை நான் மனமார வரவேற்கிறேன், ஏனெனில் இரக்கத்தின் பக்கம் நகர்வது எப்போதும் நல்லது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் எத்தனை தலைமுறையாக அந்தப் பழைய போதனையைச் சுமந்து அழுதிருப்பார்கள் என்று எண்ணும்போது, இவ்விஷயத்தில் பேசியது கடவுள் அல்ல, காலத்துக்கேற்ப மனம் மாறும் மனிதர்களே என்ற முடிவைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை. எல்லோரும் இறுதியில் மீட்கப்படுவார்கள் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே எதிர்பார்த்த கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகனின் பார்வையைப் பற்றிக்கொண்டு விசுவாசத்தில் நிலைத்திருப்பவர்களை நான் அறிவேன், மதிக்கவும் செய்கிறேன். நான் வளர்ந்த சபையில் அந்தப் பார்வைக்கு இடமில்லை.

இந்தக் கேள்விகள் எனக்கு ஏட்டுக் கேள்விகளாக நின்றுவிடாமல் போனதற்கு ஒரு மரணம் காரணம். நெருங்கிய நட்புக் குடும்பம் ஒன்றில் நோயுற்றிருந்த குழந்தைக்காகச் சபையே உபவாசமிருந்து ஜெபித்தது, குழந்தை பிழைக்கவில்லை. அதன்பின் அந்தத் தாயிடம், அன்போடுதான், விசுவாசம் இன்னும் சற்று உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கடுகளவு விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்ற வாக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், மலை பெயராதபோது குற்றம் ஜெபித்தவர்மீதே வந்து விழுகிறது. நம்பிக்கையின் அளவு என்ற அந்தத் தராசை அன்றே வெறுத்தேன். மற்ற எல்லாக் காரணங்களையும்விட இது ஆழமானது.

அமலேக்கியரின் கைக்குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15:3, யூதாஸின் மரணத்தை மத்தேயுவும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெவ்வேறு விதமாகச் சொல்வது போன்ற இடறல்களும் எனக்கு உண்டு. அவற்றால் மட்டும் நான் விலகியிருக்க மாட்டேன் என்பதால் இங்கே விரிக்கவில்லை.

விலகுவது என்று ஒரு நாளில் தீர்மானிக்கவில்லை. ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் என்ற நம்பிக்கை அறிக்கையைச் சொல்லும்போது வாக்கியங்கள் ஒவ்வொன்றாக என் வாயில் வராமல் போயின. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை நம்பிக்கையின்றி வாங்குவது, அதைப் பரிசுத்தமாகக் கருதும் மற்றவர்களுக்கு நான் செய்யும் துரோகம் என்று தோன்றியதால் அதை முதலில் நிறுத்தினேன். பெற்றோருக்குச் சொல்வதே மிகக் கடினமாக இருந்தது. நான் நித்திய ஆக்கினைக்கு உள்ளாவேன் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சுவதால் அவர்கள் கண்ணீருக்கு எதிராக நான் வாதிடுவதில்லை. எனக்காக ஜெபிக்கிறோம் என்று அவர்கள் சொல்லும்போது நன்றி என்கிறேன். அதை மனதார உணர்ந்தே சொல்கிறேன்.

நித்திய ஜீவனை அடைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவருக்கு, லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு சமாரியனின் கதையைச் சொல்கிறார். அந்தச் சமாரியன் எதை விசுவாசித்தான் என்று ஒரு சொல்லும் அதில் இல்லை, அடிபட்டுக் கிடந்தவனுக்கு என்ன செய்தான் என்பதே இருக்கிறது. அந்தப் பகுதியை இன்றும் நேசிக்கிறேன். திரும்பி வருவீர்களா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் உண்டு: தோமாவுக்குக் கிடைத்ததைப் போன்ற சான்று எனக்கும் கிடைத்தால் தயங்காமல் நம்புவேன், ஆக்கினைக்கு அஞ்சி நம்புவதாகச் சொல்லமாட்டேன்.