மாதிரி இருந்தால் போதாது

கேள்வி: 147573952589676412927 என்ற எண்ணை 3, 5, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. பகா எண் மாதிரிதான் இருக்கிறது. சரிதானே?

பதில்: சரியில்லை. இந்த ‘மாதிரி’யில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். உங்கள் எண், 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவது. மரன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி, இந்த வகை எண்களில் பகா எண்கள் எவை என்று 1644இல் ஒரு பட்டியல் போட்டார். 67ஆம் அடுக்கைச் சேர்த்தார், தப்பு. 61, 89, 107 ஆகிய மூன்று அடுக்குகளையும் விட்டார், அதுவும் தப்பு. நிரூபணம் தராத பட்டியலைப் பெயருக்காக நம்பினால் இப்படித்தான்.

நீங்கள் 3, 5, 7 பக்கம் போயிருக்கவே வேண்டாம். இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 134ஆல், அதாவது 67இன் இரட்டிப்பால், வகுக்கும்போது 1 மிஞ்சியே தீர வேண்டும். சின்ன உதாரணம் 2047. அது 2இன் 11ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. அதன் காரணிகள் 23, 89. இரண்டையும் 22ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1.

1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ் உங்கள் எண் பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஒரு காரணியைக்கூடக் காட்டாமல்! அவர் தொடங்கி, பிற்பாடு லேமர் என்ற கணிதவியலாளர் செப்பனிட்ட சோதனையை 31இல் போட்டுப் பார்க்கலாம். 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2 கழித்து, 31ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 4, 14, 8, அப்புறம் 0. 31 என்பது 2இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அடுக்கிலிருந்து 2 கழித்தால் படிகளின் எண்ணிக்கை, ஆகவே மூன்றே படி. மூன்றாவது படியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. உங்கள் எண்ணுக்கு 65 படிகள்.

காரணிகள் கிடைத்தது 1903இல். பிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைத்தார்: 193707721, 761838257287. எல்லோரும் கோலைத்தான் கொண்டாடுகிறார்கள். என் ஓட்டு லூக்காஸுக்கு. பூட்டைத் திறக்காமலே உள்ளே ஆள் இருப்பதை அடித்துச் சொன்னவர் அவர்.

எண்ணைக் கூட்டிப் பலன் சொல்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை உண்டு, தெரியும்தானே? உங்கள் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109, பிறகு 10, கடைசியில் 1. காரணிகளைக் கூட்டினால் 37, 64. அவையும் 1இல்தான் முடிகின்றன. இருபத்தொரு இலக்க எண்ணும் அதை உடைத்த இரண்டும் அவர்கள் கணக்கில் ஒன்றே. அப்படிக் கூட்டுவது 9ஆல் வகுத்த மீதியைத் தரும், அவ்வளவுதான். பெருக்கலைச் சரிபார்க்க அருமையான வழி: 1ஐ 1ஆல் பெருக்கினால் 1, ஆகவே கோலின் பெருக்கல் இந்தச் சோதனையில் தேறுகிறது. தேறுவதாலேயே சரியென்று ஆகிவிடாது. இரண்டையும் நீங்களே தாளில் பெருக்கிப் பாருங்கள்.